சின்ன ஹோம் தியேட்டர் கடைக்கு ரீவி விற்பது கட்டுப்படியாகுமா?

கேள்வி இது: கிளிநொச்சியில் இரண்டு பேரோடு ஓடும் சின்னக் கடை. சவுண்ட்பார், 5.1 (ஐந்து ஸ்பீக்கரும் ஒரு சப்வூபரும்), அட்மோஸ் (தலைக்கு மேலிருந்தும் சத்தம் வரும் முறை) செற் பொருத்துவதுதான் முதன்மை வேலை. கூடவே ரீவியும் விற்கிறார்கள். பெரிய ஷோரூம்கள் தவணைக்குக் கொடுக்கின்றன, ஒன்லைனில் விலை எல்லாருக்கும் தெரிகிறது. இந்த நிலையில் ரீவி வியாபாரத்தை வைத்திருப்பதா, விடுவதா?

ரீவியை வாங்கிக் கடையில் அடுக்கி வைத்து விற்பதை விட்டுவிடலாம். ஆனால் வாடிக்கையாளர் எந்த ரீவி வாங்குகிறார் என்ற முடிவை ஒருநாளும் கைவிட வேண்டாம். அந்த முடிவு பிழைத்தால் நீங்கள் பொருத்தும் சவுண்ட் செற்றும் சேர்ந்து பிழைக்கும், பழியும் உங்கள் தலையில்தான் விழும்.

முதலில் காசுக் கணக்கு. எண்கள் உதாரணத்துக்குத்தான், உங்கள் கொள்விலையைப் போட்டு நீங்களே திருப்பிப் பாருங்கள். 65 அங்குல ரீவி ஒன்று 300,000 ரூபாய்க்குப் போகிறது, உங்களுக்கு 285,000க்கு விழுகிறது என்று வைப்போம். மேலெழுந்தவாரியாக 15,000 இலாபம். வாங்குபவர் கார்ட் தேய்த்தால் வங்கிக்கு 2.5 வீதம் என்று பிடித்தாலும் 7,500 போய்விடும். வவுனியாவிலிருந்து பட்டா (சின்ன லொறி) பிடித்து ஏற்றி வர 3,000. பெட்டி ஒன்றரை மாதம் கடையில் கிடந்தால், ஆண்டுக்கு 15 வீத வட்டிக்கு எடுத்த காசு என்ற கணக்கில் இன்னொரு 5,300. கூட்டிப் பார்த்தால் 15,800. கையிலிருந்து 800 ரூபாய் போட்டு அடுத்தவருக்கு ரீவி வாங்கிக் கொடுத்திருக்கிறீர்கள்.

அதே ரீவியை முழுக்காசும் முன்கூட்டியே வங்கியில் விழுந்த பிறகு, கார்ட் இல்லாமல், கடையில் ஒரு நாளும் தங்கவிடாமல் இறக்கினால் 12,000 மிஞ்சும். பரவாயில்லைப் போலத் தெரியும். ஆனால் உள்வீதிக் கிரவலில் ஒரு பனல் (திரைக் கண்ணாடி) வெடித்தால் 285,000 போச்சு. அதை மீட்க இன்னும் 24 ரீவி விற்க வேண்டும். பனல் வெடிப்பை வொரண்டி ஏற்காது. பெட்டியில் ஒரு கீறலும் இல்லாமல் உள்ளே வெடித்திருப்பதும் நடக்கும்.

வேலைப் பக்கத்தைப் பாருங்கள். சுவர்ப் பிராக்கெற், பைப், எச்டிஎம்ஐ கேபிள், ஸ்பீக்கர் வயர், மின்னல் பாதுகாப்பு, செற்றிங் எல்லாம் சேர்த்து 45,000க்குப் பில் போட்டு, சாமானுக்கு 20,000 போனாலும் 25,000 நிற்கும். இரண்டு பேருக்கு ஒரு நாள் வேலை. முடங்கும் முதலீடு 20,000 மட்டும், அதையும் அட்வான்சில் வாங்கிக்கொள்ளலாம்.

வரிப் பக்கம் ஒரு பொறி இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. வற், அதாவது பெறுமதி சேர் வரி, 2024 ஜனவரியிலிருந்து 18 வீதம். பதிவு செய்ய வேண்டிய வரம்பும் அப்போது ஆண்டுக்கு 80 மில்லியனிலிருந்து 60 மில்லியன் ரூபாய் விற்பனையாக இறங்கியது. இதில் பார்ப்பது இலாபத்தை இல்லை, மொத்த விற்பனையை. மாதம் பத்து ரீவி விற்றாலே ஆண்டுக்கு 36 மில்லியன் ஏறிவிடும். ரீவியில் கிடைத்த சொற்ப இலாபத்துக்காக வரம்பைத் தாண்டினால், உங்கள் கைவேலைக்கும் சேர்த்து 18 வீதம் போட வேண்டி வரும். பக்கத்துத் தெருவில் பதியாமல் வேலை செய்பவர் அன்றிலிருந்து உங்களைவிட மலிவு. இப்போதைய வரம்பு எவ்வளவு என்று கணக்காளரிடம் கேட்டு, விற்பனையை மாதம் மாதம் எழுதி வையுங்கள்.

சரி, ரீவியை அவர்களே வாங்கட்டும் என்று முழுதாகக் கைகழுவினால் என்ன நடக்கும்? ஷோரூமில் விலையையும் அளவையும் மட்டும் பார்த்து ஒன்று வாங்கி வருவார்கள். நீங்கள் 5.1 ரிசீவரை (ஸ்பீக்கர்களை ஓட்டும் பெட்டி) ஏஆர்சியில் (ரீவியின் சத்தத்தை எச்டிஎம்ஐ கேபிள் வழியாகவே வெளியே எடுக்கும் வழி) கொழுவினால் முன்னுக்கு இரண்டு ஸ்பீக்கர் மட்டும் பாடும். காரணம், மலிவு மொடல்கள் சில ஏஆர்சி வழியாக இரண்டு சனல் பிசிஎம்மைத்தான், அதாவது வெறும் இடம் வலம் சத்தத்தைத்தான், வெளியே விடுகின்றன. வேறு சில டொல்பி என்ற சத்த வடிவத்தை விடும், டிரிஎஸ் என்ற மற்ற வடிவத்தை விடாது. ஸ்ட்ரீமிங் அப்களில் வரும் அட்மோஸ் பெரும்பாலும் டொல்பி டிஜிற்றல் பிளஸ்சுக்குள் வருவது. அது சாதாரண ஏஆர்சியிலேயே போகக்கூடியது, ஆனால் ரீவி அதை உடைக்காமல் அப்படியே கடத்த வேண்டும். புளூரே டிஸ்கில் இருக்கும் ட்ரூஎச்டி (டொல்பியின் தரம் குறையாத வடிவம்) ரீவி வழியாகப் போவதென்றால் ஈஏஆர்சி (ஏஆர்சியின் மேம்பட்ட வடிவம்) கட்டாயம். ஆகவே வாங்குமுன் மொடல் எண்ணை முழுதாக, கடைசி எழுத்துவரை, கேட்டு வாங்குங்கள். ஒரே பெயரில் ஆண்டுக்கு ஒரு பனல் மாறுகிறது, வால் எழுத்து ஒன்று மாறினால் போர்ட் எண்ணிக்கையே மாறும். ஈஏஆர்சி உண்டா, டொல்பி டிஜிற்றல் பிளஸ்சை அப்படியே கடத்துமா, எச்டிஎம்ஐ போர்ட் பக்கவாட்டிலா பின்னுக்கு நேராகவா, பின்பக்க வேசா துளை (பிராக்கெற் பூட்டும் துளை) எத்தனை, கால் வைப்பதென்றால் இரு கால்களுக்கும் இடையே எவ்வளவு அகலம். இவ்வளவும் பார்த்து எழுதிக் கொடுப்பதற்கு 3,000 அல்லது 5,000 கட்டணம் வையுங்கள், பொருத்தும் வேலையும் உங்களுக்கே வந்தால் பில்லில் கழித்துவிடுங்கள். சும்மா சொன்ன யோசனையைக் கொண்டுபோய் வேறு கடையில் வேலை கொடுப்பவர்கள் இந்தக் கட்டணத்தில் தாமாகவே வடிந்துவிடுவார்கள்.

அளவைப் பற்றியும் நீங்கள்தான் சொல்ல வேண்டும். ரீவி மூலைவிட்டத்தின் 1.6 மடங்கு தூரத்தில் இருந்து பார்ப்பது நல்ல தொடக்கக் கணக்கு. 55 அங்குலத்துக்கு ஏறத்தாழ ஏழேகால் அடி, 65க்கு எட்டே முக்கால், 75க்குப் பத்து அடி. இந்திய வீட்டுத் திட்டத்தில் கட்டிய 550 சதுர அடி வீட்டின் ஹோலில் கதிரையைச் சுவரோடு ஒட்டிப் போட்டாலும் 55, மிஞ்சினால் 65தான் பொருந்தும். அத்தோடு நம்மாட்கள் அதிக நேரம் பார்ப்பது என்ன என்று கேளுங்கள். டிஷ்ஷில் வரும் சாதாரணத் தர சனலும் நாடகமும்தான் என்றால், 85 அங்குலத்தில் அது மங்கிப் பிசிறடிக்கும். ரீவி பழுது என்று ஆளனுப்புவார்கள். இதை வாங்குமுன் சொன்னால் அறிவுரை, பின்னர் சொன்னால் சாட்டு.

வெளிநாட்டிலிருந்து இறங்கும் ரீவிகள் தனிக் கதை. சுவிஸ், ஜேர்மனி, பிரான்ஸ் பக்கத்து ரீவி 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ், அப்படியே கொழுவலாம். கனடாவிலிருந்து வருவதென்றால் பின்பக்கத் தகட்டைப் படிக்காமல் பிளக்கில் குத்த வேண்டாம். 100–240 என்றிருந்தால் சரி, 110–120 என்று மட்டும் இருந்தால் பவர் போர்ட் அந்த நிமிடமே போகும். சரியான ட்ரான்ஸ்போமர் போட்டு ஓட்டினாலும் அதன் ரியூனர் வட அமெரிக்க முறைக்கானது, இங்கத்தைய அன்ரனா சனல்களைப் பிடிக்காது. டிஷ் பெட்டியை எச்டிஎம்ஐயில் கொடுத்துப் பார்க்கலாம், யூடியூப் வேலை செய்யும். இங்கே வொரண்டியும் இருக்காது. இதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டுத்தான் பொருத்த வேண்டும். “அண்ணை கொண்டுவந்தவர், நல்ல சாமான்” என்பது தொழில்நுட்ப விவரமில்லை.

இனி, காசு வரும் இடத்துக்கு வருவோம். முதலாவது சுவர். மீள்குடியேற்ற காலத்து வீடுகள் பல சீமெந்துக் கல்லில் எழும்பியவை. கலவை குறைந்த கல்லில் ஹமர் ட்ரில் போட்டால் துளை விரிந்து உதிரும், பிளாஸ்ரிக் றோல் பிளக் அதில் சுழன்றுகொண்டே இருக்கும். ஹமரை நிறுத்தி வெறும் சுழற்சியில் துளையுங்கள். தூசியை ஊதி எடுத்துவிட்டு இரசாயன அங்கர் பசை போடுங்கள். உள்ளே குழியுள்ள கல்லானால் வலைச் சிலீவ் இல்லாமல் பசை உள்ளே ஒழுகிப் போய்விடும். 75 அங்குலத்துக்கு மேலென்றால் சுவரை ஊடுருவி 10 மில்லிமீற்றர் மறை ரொட் போட்டு, வெளிப்பக்கம் இரும்புத் தகடு வைத்து முடுக்குவதே நிம்மதி. 

வெளியே இழுக்கும் கைப் பிராக்கெற்றை வாடிக்கையாளர்கள் ஆசையாகக் கேட்பார்கள். 25 கிலோ ரீவியை 50 சென்ரிமீற்றர் வெளியே இழுத்தால், மேல் கீழ் போல்ற்றுகளுக்கு இடையே 20 சென்ரிமீற்றர் மட்டும் உள்ள தகட்டில், மேல் போல்ற்றுகளைச் சுவரிலிருந்து பிடுங்கும் விசை 62 கிலோவுக்கு மேல். பிராக்கெற்றின் சொந்தப் பாரம் அதற்கு மேலதிகம். உதிரும் கல்லில் இதை மாட்டவே கூடாது. தட்டையான பிராக்கெற் போதும் என்று சொல்லி அனுப்புங்கள்.

உயரமும் வழக்கமான பிழைதான். கதவு நிலைக்கு மேலே சாமிப்படம் மாதிரி ஏற்றி வைக்கச் சொல்வார்கள். கதிரையில் இருப்பவரின் கண்மட்டம் நிலத்திலிருந்து 100–110 சென்ரிமீற்றர், திரையின் நடு அதற்குக் கிட்ட வர வேண்டும். சின்னப் பிள்ளை கை வைக்கும் என்ற பயம் நியாயமானது. அதற்காக ஒரு சாண் உயர்த்துங்கள், ஒரு முழம் வேண்டாம்.

அடுத்தது பைப். வீடு கட்டும் காலத்தில் மேசனோடு கதைத்து நுழைந்துவிடுவது ரீவி விற்பதைவிடப் பல மடங்கு பெறுமதி. எச்டிஎம்ஐ தலை அகலம் 20 மில்லிமீற்றருக்கு மேல் வரும். 25 மில்லிமீற்றர் பைப்பில் ஒரு வளைவு வந்தாலே அது சிக்கும். ஆகக் குறைந்தது 32, முடிந்தால் 40 மில்லிமீற்றர் போடச் சொல்லுங்கள். எல்போ வேண்டாம், பெரிய வளைவாக வளைத்துப் போட வேண்டும். உள்ளே நைலோன் கயிறு ஒன்றை விட்டு இரு முனையையும் கட்டி அடையுங்கள். இல்லாவிட்டால் பூசும்போது சாந்து நிரம்பும், பிறகு எலியும் எறும்பும் குடியேறும். கறண்ட் வயரும் சிக்னல் வயரும் ஒரே பைப்பில் போகக்கூடாது. ரிசீவர் ரீவிக்குக் கிட்ட என்றால் 3 மீற்றர் செப்புக் கேபிள் போதும். 4கே 60க்கு (நொடிக்கு 60 படம்) ஏழு எட்டு மீற்றரைத் தாண்டினால் சாதாரணக் கேபிளில் படம் கண்சிமிட்டும், இடைக்கிடை கறுப்பாகும். அங்கே ஒளிநார் எச்டிஎம்ஐ போட வேண்டும். அதற்குத் திசை உண்டு. மூலம் எந்தப் பக்கம், திரை எந்தப் பக்கம் என்று தலையில் எழுதியிருக்கும், தலைகீழாக இழுத்தால் முழுதையும் திரும்ப உருவ வேண்டியதுதான். ஏஆர்சி கடத்தாத ஒளிநார்க் கேபிள்களும் சந்தையில் உண்டு, வாங்குமுன் பெட்டியைப் படியுங்கள்.

ஸ்பீக்கர் வயருக்கு 10 மீற்றர்வரை 1.5 சதுர மில்லிமீற்றர், அதற்கு மேல் 2.5. முனையைச் சுரண்டிப் பார்க்க வேண்டும். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியத்துக்குச் செப்பு பூசியது. மின்தடை அரைமடங்கு கூட, முல்லைத்தீவுக் கரையோர உப்புக்காற்றில் இணைப்பிடம் பொருமிப் பொடியாகும். மறு அழைப்புக்கு நீங்கள்தான் பெற்றோல் அடிக்க வேண்டி வரும்.

இப்போது மின்சாரமும் மின்னலும். வன்னியில் ஹோம் தியேட்டர் சாமான்கள் பழுதாகும் விதத்தைப் புரிந்துகொண்டால் இந்த ஒரு வேலையிலேயே கடை ஓடும். சித்திரை–வைகாசியிலும் ஐப்பசி–கார்த்திகையிலும் பின்னேர இடி மழை தொடங்கினால், எரிந்த எச்டிஎம்ஐ போர்ட்டோடு ஆட்கள் வரிசையாக வருவார்கள். மின்னல் நேரே வீட்டில் விழ வேண்டியதில்லை. பக்கத்து வயலில் விழுந்தாலும் டிஷ் கேபிளில் மின்னழுத்தம் தூண்டப்படும். கேபிளின் வெளிவலை டிஷ் பெட்டிக்கு, அங்கிருந்து எச்டிஎம்ஐ ஓட்டுக்கு, அங்கிருந்து ரீவிக்கு, ரீவியிலிருந்து ஏஆர்சி வழியாக ரிசீவருக்கு. எல்லாம் ஒரே சங்கிலி. அதனால்தான் ரீவியின் பிளக்கை மட்டும் கழற்றி வைத்தவர்களுக்கும் போர்ட் எரிகிறது. டிஷ் கேபிளும் கழற்றப்பட வேண்டும். ரூட்டரில் போய்ச் சேரும் செப்பு நெட்வேக் வயரும் அப்படியே.

டிஷ் கம்பத்துக்கு என்று தனியாக ஒரு எர்த் கம்பியைத் தோட்டத்தில் அடித்துவிட்டு, வீட்டு எர்த்தோடு சேர்க்காமல் விடுவது சும்மா இருப்பதைவிட மோசம். இடி நேரத்தில் இரண்டு கம்பிகளுக்கும் இடையே ஆயிரக்கணக்கான வோல்ற் வித்தியாசம் வரும், அது சமப்படத் தேடும் பாதை உங்கள் ரிசீவர்தான். இரண்டையும் தடித்த செப்பு வயரால் ஒரே எர்த் பட்டியில் சேர்க்க வேண்டும். டிஷ் கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் அதன் வெளிவலையை எர்த்தோடு சேர்க்கும் கட்டை போட்டு அதையும் அங்கேயே கொண்டுவர வேண்டும். மெயின் போர்ட்டில் ரைப் 2 சர்ஜ் பாதுகாப்பு (திடீரென ஏறும் மின்னழுத்தத்தை எர்த்துக்குத் திருப்பும் கருவி), அதிலிருந்து எர்த் பட்டிக்குப் போகும் வயர் அரை மீற்றருக்குள். நீண்டால் பாதுகாப்பு பெயரளவுக்குத்தான். எர்த் தடை 10 ஓமுக்குக் கீழே இருந்தால் நல்லது. ஆவணியில் மணல் காய்ந்திருக்கும்போது அளந்த எண்ணை நம்புங்கள், மாரியில் அளந்ததை நம்ப வேண்டாம். போதாவிட்டால் இரண்டாவது கம்பியைக் கம்பியின் நீளத்துக்குக் குறையாத தூரத்தில் அடித்து இணையுங்கள். எர்த்தே இல்லாத பிளக்கில் “சர்ஜ் புரொடக்டர்” என்று எழுதிய மல்ரிபிளக்கைக் குத்துவதால் பெரிய பலனில்லை.

வோல்ற்றேஜ் குறைவைப் பற்றி எல்லாரும் பயப்படுவார்கள். லைன் முடிவில் உள்ள கிராமத்தில் இரவு 190க்கு இறங்கினாலும் 100–240 என்று தகட்டில் போட்ட ரீவிக்கு ஒன்றும் ஆகாது. அதற்காக றிலே ஸ்ரெபிலைசர் விற்பது தேவையில்லாத செலவு. உண்மையில் கொல்வது நியூட்ரல் கழன்று 230 இருந்த இடத்தில் 300, 350 ஏறுவது. அதற்கு 260–265இல் வெட்டி, கறண்ட் சீரான பின்னும் ஓரிரு நிமிடம் பொறுத்துத் திரும்ப விடும் வோல்ற்றேஜ் புரொடக்டர்தான் மருந்து. எச்டிஎம்ஐயைக் கறண்ட் ஓடும்போது கொழுவிக் கழற்றும் பழக்கத்தையும் உங்கள் பையன்களிடம் நிறுத்துங்கள். எர்த் இல்லாத இரண்டு பெட்டிகளின் ஓடுகளுக்கு இடையே எப்போதும் ஒரு கசிவு இருக்கும், கையில் “சுர்” என்று தெரிவது அதுதான். முதலில் எச்டிஎம்ஐ, கடைசியில் பிளக்.

அப்படியானால் ரீவியை எப்போது நீங்களே கொடுக்கலாம்? வெளிநாட்டிலிருந்து மகனோ மகளோ காசு அனுப்புகிறார், குடிபூரலுக்கு முன் எல்லாம் முடிந்திருக்க வேண்டும், பெற்றோருக்குக் கடை கடையாக அலைய ஏலாது, ஒரே பில் வேண்டும் என்கிறார். அவர் 5,000 ரூபாய் விலை வித்தியாசத்தைப் பார்க்க மாட்டார், வேலை ஒழுங்காக முடிந்ததா என்றுதான் பார்ப்பார். முழுத் தொகையும் வங்கியில் விழுந்த பிறகு ஓடர் போடுங்கள். 75 அங்குலத்துக்கு மேற்பட்டவையும் அப்படித்தான். தனியாக வாங்கினால் ஏற்றி இறக்குவதே அவர்களுக்குத் தலையிடி. மண்டபம், விடுதி, தேவாலயம் போன்ற இடங்களில் ஒன்றுக்கு மேற்பட்ட திரை, நாள் முழுக்க ஓட வேண்டும் என்றால் வீட்டு ரீவி வேண்டாம், வணிகத் திரை என்று சொல்லி அதற்குத் தனி விலை கொடுங்கள். வீட்டு ரீவியை அங்கே போட்டால் வொரண்டியே செல்லாமல் போகலாம். மற்ற எல்லாருக்கும், அவர்கள் பெயரில் பில்லும் வொரண்டி அட்டையும் வருமாறு ஷோரூமுக்கு அனுப்பிவிடுங்கள். ரீவி பழுதென்றால் அவர்கள் அங்கே போவார்கள், சத்தம் பழுதென்றால் மட்டும் உங்களிடம்.

புரொஜெக்டர் கேட்பவர்களுக்கு ஒரு வரி: பகலில் கதவு யன்னல் திறந்து கிடக்கும் ஹோலில் வேண்டாம், இருட்டக்கூடிய தனி அறை இருந்தால் யோசிக்கலாம்.

நீங்களே இறக்கும் ரீவியை எடுக்கும் இடத்திலேயே பெட்டி திறந்து, கறண்ட் கொடுத்து, வெள்ளை, சிவப்பு, கறுப்புத் திரை மூன்றையும் பார்த்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வாகனத்தில் நிமிர்த்தி, இரண்டு மெத்தைக்கு நடுவே கட்டி வர வேண்டும், படுக்கப் போட்டால் குலுக்கலில் பனலின் நடு நோகும். தூக்கும்போது சட்டத்தின் கீழ்ப்பக்கமும் பின்பக்கமும்தான் பிடி. திரையில் கட்டைவிரல் படுவதே பல வெடிப்புகளின் தொடக்கம். கொட்டேசனில் ரீவியைத் தனி வரியாகவும் வேலையைத் தனி வரியாகவும் எழுதுங்கள். “ரீவி வொரண்டி உற்பத்தியாளருடையது, மின்னல், வோல்ற்றேஜ், உடைவு அடங்காது” என்ற வசனம் தமிழில், கண்ணுக்குத் தெரியும் எழுத்தில் இருக்க வேண்டும்.

கடையில் ஒரேயொரு ரீவி வையுங்கள், 55 போதும். அதன் சொந்த ஸ்பீக்கரில் ஒரு பாட்டை விட்டு, அதே பாட்டை அடுத்த நிமிடம் சவுண்ட்பாரில், பிறகு 5.1இல் விடுங்கள். மூன்றிலும் சத்த அளவை ஒன்றாக வைத்தால்தான் வித்தியாசம் நேர்மையாகக் கேட்கும், போனில் உள்ள டெசிபெல் அப் அதற்குப் போதும். அடுத்த ஆண்டு புது மொடல் வரும் முன் அந்த ரீவியை, எத்தனை மாதம் ஓடியது என்று சொல்லியே, விலை குறைத்துக் கொடுத்துவிடலாம்.